மூன்றாம் நாள் வராத ரதி

தட்டில் பதினொரு வாழைப்பழங்கள் இருந்தன. பாக்கு ஏழு. தேங்காய் ஒன்று, மஞ்சள் கிழங்கு ஒன்று. வெற்றிலையை எண்ண முடியவில்லை. வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தத் தட்டை அவர்கள் கொண்டுவந்து வைத்த இடம், நான் வேலை பார்த்த துணிக்கடையின் அளவு மேசை. மேசையில் யாருக்கோ கிழிப்பதற்காக மல் துணி விரித்திருந்தது. தேங்காய் ஈரமாக இருந்தது. மல்லில் கறை பட்டால் யார் தலையில் விழும் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது.

"யாருக்கு இது?" என்று கேட்டேன்.

"ரதிக்கு" என்றாள் தட்டை வைத்த அம்மாள்.

முதலாளி கஜக்கோலைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவருடைய மீசை அந்தக் காலத்துப் பதுளைக் கடைவீதியில் இரண்டாவது பெரிய மீசை. முதலாவது ஒரு சாராயக் குத்தகைக்காரருடையது. அப்படிப்பட்ட மீசைக்குக் கீழே உதடு நடுங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரதின்னு இங்க யாரும் இல்ல. இது துணிக்கடை" என்றார்.

"துணிக்கடைன்னு தெரியுதுங்க மொதலாளி. எனக்கு எழுத்துதான் தெரியாது, ஆளு தெரியும். ஒங்களைப் பார்த்து ரெண்டு மாசியும் மூக்குச் சிந்தினவ நான்."

விட்டுப்போன கடை

கடைவீதியைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது இருபத்து மூன்று கடைகளைச் சொன்னேன். பசறையிலிருந்து ஒரு வாசகர், "ரதி கடையை விட்டுவிட்டீர்களே, கிழவருக்கு மறதியா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். எனக்கு மறதி இல்லை. மூட்டு வலி இருக்கிறது, இரவில் இருமல் இருக்கிறது, மறதி இல்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். முதலாளி முத்துவேல் உயிரோடு இருந்தவரை அந்தக் கடையை அந்தப் பெயரால் அச்சில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது அவர் இல்லை. அவருடைய பிள்ளைகளிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா, எங்களுக்கும் முழுசாத் தெரியாது" என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. நான் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து, முத்துவேல் கடையில் கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கடைக்கு வெளியே முருகன் பெயரில் பலகை தொங்கியது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டவர் எவரும் கடைக்கு வந்து சேர்ந்ததில்லை. தோட்டத்து ஆட்கள் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக வருவார்கள். வண்டிக்காரர்கள், மிட்டாய் விற்பவர்கள் எல்லாரும் அவர்களுக்குக் கை காட்டுவது, "ரதி கடையா, அந்தா" என்றுதான்.

ஏன் அந்தப் பெயர் என்று முதலாளியிடம் ஒருமுறை கேட்டேன். "முன்னால இந்த இடத்துல ரதின்னு ஒருத்தி கடை வச்சிருந்தாளாம்" என்றார். நம்பினேன். நான் பதுளையில் வளர்ந்தவன். மலைமேல் தோட்டங்களில் நடப்பவை எனக்குத் தெரியாது.

காலையில் கவ்வாத்துக்குப் போன பிணம்

வந்தவர்கள் இருவர். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தார்கள். தட்டை வைத்த அம்மாளின் பெயர் அங்காயி. கொழுந்து பறிக்கிறவள், ஐம்பதை நெருங்கும் வயது. கூட வந்த முதியவரை எல்லாரும் கூத்து வாத்தியார் என்றார்கள். அவர் உள்ளே வந்ததும் முதலாளி தம்மையறியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"முத்துவேலு, நான் கண்ண மூடறதுக்குள்ள கருப்பையாவ எழுப்பிடணும்ப்பா" என்றார் வாத்தியார்.

கருப்பையா யார் என்று நான் அங்காயியிடம் கேட்டேன். முதலாளி பேசுகிறவராகத் தெரியவில்லை.

"செத்துப்போனவருங்க."

"எப்போது?"

"ஆச்சு, இருவது வருசத்துக்குக் கிட்ட. அவரு மகளத்தான் எம்மகனுக்குக் கேட்டிருக்கோம்."

"அடடா. தகப்பன் இல்லாத பெண்."

"தகப்பன் இருக்காருங்க. காலையில தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக்குப் போயிருக்காரு."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அங்காயிக்கு என்னைப் பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் சொன்னதையும் பின்னால் நான் கேட்டு அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மாசிப் பிறை கண்டதும் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ஒருவருக்கு மன்மதன் வேடம், ஒருவருக்கு ரதி வேடம். இரண்டும் ஆண்கள்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் காப்புக் கட்டுவார்கள். அன்று முதல் அவர்கள் தெய்வம். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் தப்படித்துக்கொண்டு போய் ஆடுவார்கள். வாசலில் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். பௌர்ணமியன்று சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிவான். ரதி தாலியை அறுத்து அழுவாள். கூடவே பெண்கள் எல்லாரும் அழுவார்கள். அவரவர் வீட்டில் அவரவர் இழந்ததை எல்லாம் அந்த அழுகைக்குள் போட்டு அழுவார்கள். மூன்றாம் நாள், எரிந்த மன்மதனை வெள்ளைத் துணியால் மூடிப் படுக்கவைப்பார்கள். ரதி மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கூப்பிட்டால் எழுந்திருப்பான். அதோடு கூத்து முடியும்.

முத்துவேலுக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது ரதி கட்டினார். கருப்பையா மன்மதன். முதல் வருடமே ரதியின் அழுகையைக் கேட்கப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் வருடம் பசறையிலிருந்து வந்தார்கள், மொனராகலைப் பக்கமிருந்துகூட ஒரு வண்டி வந்ததாம். தோட்டத்துத் துரை குதிரைமேல் இருந்தபடி பார்த்துவிட்டு, "யார் இந்தப் பெண்?" என்று கேட்டாராம்.

அந்த இரண்டாம் வருடம் பௌர்ணமியன்று மன்மதன் எரிந்தான். ரதி அழுதாள். மூன்றாம் நாள் காலையில் கருப்பையாவைத் துணியால் மூடிப் படுக்கவைத்தார்கள். ரதியைக் காணோம்.

உச்சிப் பொழுதுவரை பார்த்தார்கள். வேறு யாராவது சேலையைச் சுற்றிக்கொண்டு கூப்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். வாத்தியார் மறுத்துவிட்டார். சேர்ந்து காப்புக் கட்டிய ரதிதான் கூப்பிட வேண்டும், அடுத்தவன் பெண்டாட்டி கூப்பிட்டால் எழுந்து வருகிறவனா மன்மதன் என்றார். மழை பிடித்துக்கொண்டது. கருப்பையா தாமாகவே துணியைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார்.

போனார், ஆனால் எழுப்பப்படவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் வேறு மன்மதன்கள் எரிந்தார்கள், எழுந்தார்கள். கருப்பையா மட்டும் கணக்கில் பாக்கியாகவே நின்றார். வேலை செய்தார், சாப்பிட்டார், சம்பளம் வாங்கினார். கல்யாணம் கூத்துக்கு முன்பே ஆகிவிட்டது; பிள்ளைகள் பிறகுதான் பிறந்தன. "செத்த பெறகு நாலு புள்ள பெத்தவன் நம்ம கருப்பையாதான்" என்று லயத்தில் சிரிப்பார்கள். ஆனாலும் கோயிலில் அவர் கையில் விபூதித் தட்டைக் கொடுக்கமாட்டார்கள். கல்யாண வீடுகளில் அவரே கடைசி ஆளாய்ப் போய் உட்காருவார்.

"ஆளு தங்கமான ஆளு. பொண்ணும் நல்ல பொண்ணு" என்றாள் அங்காயி. "ஆனா மணவறையில பொண்ணைக் கைபிடிச்சுக் குடுக்கணுமே. செத்தவன் கையால பொண்ணு வாங்கி எம்மகன் வாழ முடியுமாங்க? எழுப்பிக் குடுத்தாத்தான் கல்யாணம். இல்லாட்டி வேற எடம் பாக்கறேன்னு சொல்லிட்டேன். எம்மகன் ரெண்டு நாளாச் சாப்பிடல."

வாழைப்பழக் கடையைச் சுற்றிப்போனவர்

இங்கே ஒரு சிறு விலகல். ஆசிரியர் வெட்டாமல் இருக்க வேண்டும். போன மாதம் இப்படி ஒரு விலகலை வெட்டிவிட்டார். அதில் பதினாறு வரி போயிற்று.

பதுளையில் ஓர் அரிசிக் கிட்டங்கிக்குக் காவல்காரர் ஒருவர் இருந்தார். இளவயதில் ஏதோ கூத்தில் அனுமாராக வந்து, பந்தல் காலில் ஏறிப் பெயர் வாங்கியவர். கிட்டங்கிக்கு வந்து பல வருடமாகியும் அவரைப் பார்த்தால் பையன்கள் பழம் நீட்டுவார்கள். அவர் வாழைப்பழக் கடை வழியாக நடக்கவே மாட்டார். கடைவீதியை விட்டு இறங்கி, சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். நல்ல மனிதர். ஆறு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். செத்த அன்றும் யாரோ, "அனுமார் போயிட்டார்" என்றார்கள்.

சின்ன வயதில் ஒரு பெயர் வாங்கிவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கக் கடை கிடையாது போலிருக்கிறது.

பேரம்

முதலாளி அலமாரியிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்தார். கடையில் இருந்தவற்றில் நல்ல சேலை அது. மொத்தம் மூன்றுதான் வந்தன.

"கல்யாணத்துக்கு இதை நான் குடுத்ததா வச்சுக்கங்க. மாப்பிள்ளைக்கு வேட்டியும் தர்றேன். என்னை விட்டுருங்க."

"சேலைக்கு நான் காசு வச்சிருக்கேன் மொதலாளி. கட்டிக்க ஒரு மருமக இல்லையே."

"எனக்கு இந்த ஊர்ல ஒரு மரியாதை இருக்கு. கோயில் காரியத்துல ஒக்கார வைக்கறாங்க. பெரிய பெரிய செட்டியாருங்க பக்கத்துல. நான் போய்ச் சேலையைச் சுத்திக்கிட்டு..."

"நாங்க யாருக்கும் சொல்லமாட்டோம்."

"நீங்க சொல்ல வேணாம். கடைக்கு வர்ற ஒவ்வொருத்தனும் சொல்லிக்கிட்டுத்தானே வர்றான்."

வாத்தியார் எழுந்தார். தட்டைத் திருப்பி எடுக்கவில்லை. "கொடுத்ததை எடுக்கறதில்ல" என்று மட்டும் சொன்னார்.

அங்காயி வாசலில் செருப்பில்லாத காலை ஒரு கல்லில் துடைத்துக்கொண்டே, யாரிடமோ குறைப்படுகிறவள்போலச் சொன்னாள். "அந்த மனுசன் சரியான ஆளா இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவரையே போய்க் கூட்டிட்டு வாய்யான்னா, 'அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவன் போனது சரி'ங்கறாரு. பெத்த பொண்ணு கல்யாணம் நிக்குது, போனது சரியாம்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா?"

"கருப்பையாதான்."

"எப்ப சொன்னான்?"

"எப்பவும் அதைத்தான் சொல்லுவாரு. இந்த இருவது வருசமா."

அவர்கள் போய்விட்டார்கள். அன்று மாலை முதலாளி ஒரு சட்டைத் துணியை அரைக் கஜம் கூடுதலாகக் கிழித்தார். மறுநாள் ஒன்றைக் குறைவாகக் கிழித்து, வாங்கியவனிடம் சண்டையும் போட்டார். பழங்களில் நான்கு கறுத்துப்போயின; மீதியை நான் சாப்பிட்டேன். மூன்றாவது நாள் கடையைக் கட்டும்போது, என்னைப் பார்க்காமல், "பண்டாரவளைக்கு ரயில்ல துணிப் பொதி வந்திருக்கு. எடுத்துட்டு வரப் போறோம். வீட்டில அப்படியே சொல்லிரு. வண்டி பிடி" என்றார்.

"பண்டாரவளைக்கா?"

"மடுல்சீமைக்கு."

கொழுந்து வரிசை

மாட்டு வண்டியில் போனோம். எனக்குப் பொய் சொன்ன கவலை, அச்சு முறிந்துவிடுமோ என்ற கவலை, மழையில் அட்டை ஏறுமே என்ற கவலை. கவலையை அடக்கப் பாதையின் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பத்தொன்று வரை வந்தது. அப்போது முதலாளி பேச ஆரம்பித்ததால் எண்ணிக்கை தவறிவிட்டது. அந்தப் பாதைக்கு மொத்தம் எத்தனை வளைவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் எதுக்கு ஓடினேன்னு நீ கேக்கலியே" என்றார்.

"நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன்."

"சேலை கட்டினதுக்கு வெக்கப்பட்டு ஓடினேன்னு நெனைக்கிறியா? இல்லப்பா. காப்புக் கட்டியிருக்கும்போது அது எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. கங்காணி கூடக் கை எடுத்துக் கும்பிடுவான். நான் அழுதா ஒரு மலையே அழும். பதினெட்டு வயசுல அது யாருக்குக் கெடைக்கும்?"

வண்டி ஓர் ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கியது. அவர் இறங்கி நடந்தார். நானும் இறங்கினேன்.

"நான் கவ்வாத்து வெட்டுறவன். கருப்பையாவும் நானும் ஒரே வரிசை. எங்க அப்பா குடுத்த கத்தி அது. முதல் வருசம் கூத்து முடிஞ்சு காப்பு அவுத்தாச்சு. மறுநாள் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிக்கிறேன். பெரிய கங்காணி பாத்துட்டு, 'ரதிக்கு எதுக்குக் கத்தி? கூடையைக் குடுங்கடா, அங்கிட்டுப் போய் நிக்கட்டும்'ன்னான். பொம்பளைங்க வரிசை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஒரு நாள் வெளையாட்டுன்னு நெனைச்சேன்."

"ஒரு நாள் இல்லையா?"

"வருசம் பூரா. பேரையும் அந்தப் பக்கமே எழுதிட்டான். பொம்பளைக் கூலி. அது கூடப் போகட்டும். முத்துவேலுன்னு கூப்பிட ஆளு இல்ல. எங்க அம்மா ஒருத்திதான் கூப்பிட்டா, அவளும் அந்த வருசம் போயிட்டா. அடுத்த மாசியில ஏன் மறுபடி கட்டினேன்னு கேப்ப. இந்தத் தடவை முடிஞ்சதும் கத்தியைத் திருப்பித் தர்றேன்னு சொன்னான். அதுக்காகக் கட்டினேன். மன்மதன் எரிஞ்ச மறுநாள் போய்க் கேட்டேன். 'நீ கத்தி புடிச்சா அடுத்த வருசம் கை காச்சுப்போகும். ரதிக்குக் கை மெத்துனு இருக்கணும்'ன்னு சொல்லிட்டான்."

அவர் தம் கையைத் திருப்பிப் பார்த்தார். கஜக்கோலும் கத்தரிக்கோலும் பிடித்துக் கட்டைவிரலில் காய்ப்பு ஏறிய கை.

"விடியறதுக்கு முன்னால எறங்கிட்டேன். கருப்பையாகிட்ட மட்டும் சொன்னேன். 'விடிஞ்சா ஒன்னை எழுப்பணுமேடா'ன்னேன். 'நான் எப்படியோ எந்திரிச்சுக்கறேன், நீ போ'ன்னான். இப்படி ஆகும்ன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

தோட்டத்தைவிட்டு வருகிறவனுக்குத் துரை துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாதவனை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. ஆகவே பதுளைக்கு வந்து, துணி மூட்டையைத் தலையில் வைத்து விற்றார். மீசை வைத்தார். சுருட்டுப் பிடித்தார். எவரிடமும் உரக்கச் சிரிக்கமாட்டார். அழும் குழந்தை கடைக்கு வந்தால்கூட, அவர் உள்ளே போய்விடுவார். இவற்றை எல்லாம் நான் வேறு விதமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டு வெள்ளைத் துணிகள்

நாங்கள் போய்ச் சேர்ந்தது அந்த வருடத்து மன்மதன் எரிந்த மூன்றாம் நாள் காலையில். பனி இன்னும் முழுக்க விலகவில்லை. லயத்துக்கு மேலே ஒரு சமதரையில் கம்பம் எரிந்த சாம்பல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைத் துணிகள் மூடிக் கிடந்தன. ஒன்றின் கீழ் அந்த வருடத்து மன்மதன், இளவட்டம். இன்னொன்றின் கீழ் கருப்பையா. ரதி எப்படியும் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் வாத்தியார் அவரையும் படுக்கவைத்து, பழையது முதலில், புதியது பிறகு என்று முடிவு செய்திருந்தார்.

கூட்டத்தை எண்ணினேன். நூறைத் தாண்டியதும் தலைகள் நகர ஆரம்பித்தன, விட்டுவிட்டேன். சற்றுத் தள்ளி ஒரு பெண் தலையைக் குனிந்து நின்றாள். அவள்தான் கருப்பையாவின் மகள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்காயியின் மகன் அவளுக்கு நேரெதிரே, எவ்வளவு தூரத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் நின்று, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மீசையைப் பற்றிப் பெண்களுக்குள் தகராறு வந்தது.

"மீசையோட ஒரு ரதியா? நல்லா இருக்கு கூத்து."

"மீசையை எடுக்கமாட்டேன்" என்றார் முதலாளி. "அதுக்குச் சம்மதம்ன்னா இருக்கேன். இல்லாட்டி வண்டி நிக்குது."

"எடுக்க வேணாம் மொதலாளி, மூடிக்குங்க" என்று அங்காயி தன் தோளில் கிடந்த பழஞ்சேலையை எடுத்து அவர் தலையில் போட்டு, முகத்தில் பாதியை மறைத்து இழுத்துவிட்டாள். கோட்டுக்கு மேலே சேலை. பின்னாலிருந்து ஓர் இளைஞன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வாத்தியார் மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார். தப்பை மெதுவாக அடிக்க ஆரம்பித்தார்கள். முதலாளி முழங்காலிட்டு உட்கார்ந்தார். இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு பாட்டு வந்தது.

*சாம்பல் ஆறலையே, என் மன்னவனே,*
*சடங்கு முடியலையே.*
*கைபிடிச்சவ வந்து கூப்பிடுறேன்,*
*கண்ணத் தொறக்கலையே.*

குரல் உடைந்து போயிருந்தது. சுருட்டும் பேரமும் கரகரக்கவைத்த தொண்டை. இரண்டாவது வரியில் சுருதி இறங்கியது, மூன்றாவதில் எங்கேயோ போயிற்று. எத்தனையோ வருடம் பேசிப் பேசி வளர்த்த ஒரு பேர் என் கண்முன்னே சரிவதாக எனக்குப் பட்டது. தப்படிக்கிறவர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்த இளைஞன் மறுபடி சிரித்தான், இப்போது வாயைப் பொத்தாமல்.

அங்காயி திரும்பினாள்.

"எதுக்குடா பல்லைக் காட்டுற? இருவது வருசமாத் தாலி இல்லாம கெடந்தவ கொரலு வேற எப்படிடா இருக்கும்? நேத்துத் தாலியறுத்தவ மாதிரியா இருக்கும்?"

சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்தாள். இன்னொருத்தி தரையில் உட்கார்ந்தாள். முதலாளி அதே கரகரப்பில், அதே நாலு வரியை மறுபடி தொடங்கினார். இம்முறை அவர் சுருதியைத் தேடவில்லை. இழுத்துக்கொண்டு போனார். கொழுந்து வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக அழ ஆரம்பித்தார்கள். நான் என் தாயாரை நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

மூன்று முறை தண்ணீர் தெளித்தார். தப்பு நின்றது. வாத்தியார் கையை உயர்த்தினார்.

உடனே கூட்டம் முழுவதும் திரும்பி, முதுகைக் காட்டி நின்றது. உயிர்த்து வரும் மன்மதன் ரதி கண்ணுக்கு மட்டுமே தெரிவான். அவள் சொல்லும்வரை மற்றவர்கள் பார்க்கலாகாது. அதுதான் அங்கே முறை. எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்தனை முதுகுகளுக்கு நடுவே நான் ஒருவன் மட்டும் அந்த ரதியையும் மன்மதனையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி வெள்ளைத் துணியை முகத்திலிருந்து விலக்கினார். நரைத்த தலை. கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. கருப்பையா அவரை நிதானமாகப் பார்த்தார்.

"மீசை வச்சிருக்க" என்றார் மெதுவாக.

"ம்."

"நல்லாத்தான் இருக்கு."

முதலாளி செம்பைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"எந்திரி மாப்ள. பொண்ணக் கைபிடிச்சுக் குடுக்க ஆளு வேணுமாம்."

"எந்திரிக்கறேன். மொதல்ல கையைக் குடு. தரை ஈரம், முட்டி புடிச்சுக்கிச்சு."

முதலாளி இரண்டு கைகளையும் கொடுத்தார். கருப்பையா எழுந்தார். எழுந்த பிறகும் விடவில்லை. இருவரும் அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் முதுகைக் காட்டிக் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். பக்கத்துத் துணிக்குள்ளிருந்து, "நமக்கு எப்பங்க? குளுருது" என்று ஒரு குரல் கேட்டது. அதற்கும் அவர்கள் அசையவில்லை.

பிறகு முதலாளி அந்த முதுகுகளைப் பார்த்துத் திரும்பினார். சேலையைத் தலையிலிருந்து எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை, முகத்தை மறைத்திருந்த பகுதியை மட்டும் விலக்கிவிட்டு, மீசை தெரிய, நிமிர்ந்து நின்றார்.

"எம் மன்னவன் வந்துட்டாரு. எல்லாரும் பாருங்க" என்றார்.

கூட்டம் திரும்பியது. முதலில் திரும்பியவள் அங்காயி. கருப்பையாவை ஏற இறங்கப் பார்த்தாள். காலையில் கவ்வாத்துக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் இருபது வருடமாகப் பார்த்த ஆளை, அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கைகூப்பினாள்.

"வாங்க சம்பந்தி" என்றாள். "ஒக்காருங்க. நாள் பாக்கணும்."